நகையும் அழுகையும்: தேவி என்னும் சிறுமியின் நாடகம்

மெய்ப்பாடு எட்டெனக் கொண்ட தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதலாவதாகவும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அழுகை தோன்றும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றும் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்றல் சிந்திக்கத்தக்கது. பிறர் நகுவதற்கு இடமாய் நிற்பவரே பலகால் தம்முள் அழுபவராகவும் இருத்தல் உலகியல்பு. இவ்வுண்மையை உணர்ந்து எழுதப்பட்ட நகைநாடகம் நெடுநாள் நினைக்கப்படும். உணராது எழுதப்பட்டது சிரித்த கணத்தோடு மறக்கப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு, அண்மைக் காலத்தில் உலகெங்கும் பார்க்கப்பட்ட தொலைக்காட்சி நகைநாடகம் ஒன்றை அளந்து பார்த்தல் பயனுடைத்து. அந்நாடகத்தின் தலைவி ஒரு தமிழ்ச் சிறுமி என்பது ஆராய்ச்சிக்கு மேலும் ஒரு காரணமாகும்.

'நெவர் ஹாவ் ஐ எவர்' என்பது அதன் பெயர். 'நான் ஒருபோதும் இதனைச் செய்ததில்லை' என்று தொடங்கி இளைஞர் கூடி ஆடும் விளையாட்டொன்றின் பெயரே நாடகத்துக்கும் பெயராயிற்று. மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் ஆகிய இருவரும் படைத்த இத்தொடர், 2020 ஏப்ரல் 27 முதல் 2023 ஜூன் வரையுள்ள காலத்தில், பருவத்துக்குப் பத்தாக நான்கு பருவங்களில் 40 பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. கலிபோர்னியாவில் ஷேர்மன் ஓக்ஸ் என்னுமிடத்தில் வாழும் தேவி விஸ்வகுமார் என்னும் பதினைந்து வயதுப் பெண்ணே கதைத் தலைவி. படிப்பில் முதன்மையுடையவள்; முன்கோபமுடையவள்; பிறர் விரும்பும் வண்ணம் நடந்துகொள்ள அறியாதவள். தாய் நளினி தோல்நோய் மருத்துவர். தந்தை மோகன், தேவி யாழை ஒத்த 'ஹார்ப்' என்னும் இசைக்கருவியைப் பாடசாலை மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அவையில் நெஞ்சடைத்து இறந்துவிடுகிறார். அதன்பின் மூன்று மாதம் தேவியின் கால்கள் செயலற்றுப் போகின்றன.

இங்கேதான் நாடகத்தின் உயிர்நிலை உள்ளது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுதலே மெய்ப்பாடு என்பர். தந்தையை இழந்த பெண் அழவில்லை. அவளுடைய கால்களே அழுதன. உறவினரை இழத்தலை இழவென்றும், பண்டைய நிலை கெட்டு வருந்துதலை அசைவென்றும் உரையாசிரியர் விளக்குவர். பிறரால் இகழப்படுதல் இளிவு. தேவியிடத்து இம்மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. தந்தை இறந்தமை இழவு. நடந்தவள் சக்கர நாற்காலியில் அமர்ந்தமை அசைவு. பென் குரொஸ் என்னும் போட்டி மாணவன் அவளுக்கும் அவள் தோழியர் இருவருக்கும் இழிபெயர் சூட்டி நகைத்தமை இளிவு. அழுகையின் நிலைக்களன் நான்கனுள் மூன்றைத் தலைவிமேல் ஏற்றிவிட்டு, அவளை வைத்து நகைநாடகம் எழுதத் துணிந்தமையே இதன் படைப்பாளரின் தனித்திறம்.

கால்கள் மீண்ட விதமோ முழுவதும் நகைக்கே உரியது. பக்ஸ்டன் என்னும் அழகிய மாணவனை நன்றாகக் காணும் ஆவலினால் அவள் தன்னையறியாது எழுந்து நின்றுவிடுகிறாள். மருத்துவத்தால் ஆகாதது ஓர் இளமை வேட்கையால் ஆயிற்று. பார்ப்பவர் சிரிக்கின்றனர். ஆயினும் எழுந்த கால்கள் எதனால் வீழ்ந்தன என்பதை அவர் மறந்திலர். நகையும் அழுகையும் ஒரே நிகழ்ச்சியில் இவ்வாறு பிணைந்து நிற்றல் இக்காலத் தொலைக்காட்சி நாடகங்களில் அரிதாகவே காணப்படுவது.

இளம்பெண்ணின் தடுமாற்றத்தை நகைநாடகமாக்கும் மரபு இதற்கு முன்னும் உண்டு. 2001 முதல் 2004 வரை டிஸ்னி அலைவரிசையில் ஒளிபரப்பான 'லிஸி மெக்குவயர்' அம்மரபில் பெயர்பெற்றது. ஹிலரி டஃப் நடித்த அந்நாடகத்தின் தலைவி, பாடசாலையின் நடுத்தர வகுப்புகளில் பயிலும் கூச்சமுடைய சிறுமி. அவள் வாய்திறந்து கூற இயலாதவற்றை, அவளைப் போன்றே வரையப்பட்ட கேலிச்சித்திர உருவம் ஒன்று திரையில் தோன்றிக் கூறும். உள்ளக்குரலைப் புறத்தே காட்டும் அவ்வுத்தி எளியது, இனியது. எனினும் அவ்வுருவம் லிஸிக்குத் தெரிந்ததற்கு மேலாக ஒன்றையும் அறியாது. அவளுடைய நாணத்தையே உரத்த குரலில் திருப்பிச் சொல்லும்.

தேவியின் உள்ளக்குரலாக ஒலிப்பதோ ஜோன் மெக்கென்ரோ என்னும் டெனிஸ் வீரருடைய குரல். 1981, 1983, 1984 ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றவர் அவர். ஆட்டத்திறனுக்கு ஒப்ப, நடுவரோடு சினந்து வாதிட்டமைக்கும் பெயர்போனவர். தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் மனத்தை வயதான அமெரிக்க ஆடவர் ஒருவர் எடுத்துரைப்பது முதலில் வெறும் வேடிக்கையாகவே படுகிறது. அவ்வீரர் தேவியின் தந்தைக்கு மிக விருப்பமானவர் என்பது தெரியவரும்போது அவ்வேடிக்கை வேறாகிவிடுகிறது. தந்தையோடு அமர்ந்து பார்த்த ஆட்டங்களின் நினைவே அவளுள் குரலாய் நின்று பேசுகின்றது. அவளுடைய கோபத்துக்கும் அக்குரலுக்கும் உள்ள ஒற்றுமை கேட்போர்க்கு இனிது புலனாகும். ஓர் உத்தி நகைக்கும் பயன்பட்டு இழவுக்கும் சான்றாய் நிற்குமாயின் அதனைச் சிறந்த உத்தி எனல் தகும்.

இந்து சமயத்தவர் பலரை இந்நாடகம் நெருடிய இடம் ஒன்றுண்டு. தொடக்கக் காட்சியிலேயே தேவி வீட்டுப் பூசையிடத்தின் முன் நின்று தெய்வங்களிடம் வரம் கேட்கிறாள். மதுவும் பிறவும் வழங்கும் விருந்தொன்றுக்குத் தன்னை அழைக்க வேண்டும், கையில் உள்ள மயிர் குறைய வேண்டும், காதலன் ஒருவன் வேண்டும் என்பன அவள் வேண்டுதல்கள். இது தெய்வத்தை எள்ளுதல் ஆகாதோ என்று ஐயுறுவார் உளர். அவ்வையம் ஒதுக்கத்தக்கதன்று, ஆராயத்தக்கது.

தமிழ்ப் பக்தி மரபில் இறைவனிடம் உரிமையோடு கேட்டல் புதிதன்று. தம்பிரான் தோழர் எனப் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், குண்டையூரில் கிடைத்த நெல்லைச் சுமந்து செல்ல ஆள் தருமாறு திருக்கோளிலியில் இறைவனையே வேண்டினார். பரவையாரின் ஊடல் தீர்க்க அவ்விறைவனையே தூதாகவும் அனுப்பினார். சேக்கிழார் இவற்றை மறைத்திலர், விரித்தே பாடினார். எனவே காதற்பொருட்டு இறைவனை நாடினாள் என்பது மட்டும் குற்றமாகாது. நாயனாரின் உரிமை தம்மை முற்றும் ஒப்புவித்ததனால் வந்தது; தேவியின் உரிமையோ அறியாமையால் வந்தது. அதனாலேயே முன்னது பக்தியாகவும் பின்னது நகையாகவும் முடிந்தன. இங்கு நகைக்குப் பொருளாவது சிறுமியின் இளமையும் பேதைமையுமே, தெய்வம் அன்று. கை மயிரைப் பற்றிய கவலை மடன் என்பதன்பாற் படும். பிறர் அழகென்று சொன்னதனை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தலன்றோ மடன்? தந்தை இறந்த வீட்டில் முதற்காட்சியாக ஒரு மகள் தெய்வத்தின் முன் நின்று, கேட்க வேண்டியதனை விட்டு வேறெல்லாம் கேட்கிறாள் என்பதனை நோக்கின், அந்நகையின் அடியில் உள்ள வெறுமை விளங்கும்.

பாடசாலை மண்டபத்தில் நிகழும் விநாயகர் பூசையைக் காட்டும் பகுதியோ இருவகைப்பட்டது. அரைத்தாவணி உடுத்திய தேவி, அங்குக் கூடியவர்களோடு தானும் ஒருத்தியாகத் தோன்றுதற்கே நாணுகிறாள். முன்பு அவளைப் போன்றே இவற்றை இகழ்ந்திருந்த ஹரிஷ் என்னும் இளைஞன், பல்கலைக்கழகம் சென்று பிற இனத்துத் தோழனொருவன் தன் மரபைப் பெருமையோடு பேணுவதைக் கண்டபின் மனம் மாறியமையைக் கூறுகிறான். இவ்வுரையாடல் நாடகத்தின் நல்ல பகுதிகளுள் ஒன்று. ஆயினும் பூசையின் பொருள் யாது என்பதனை அப்பகுதி எங்கும் தொடவில்லை. வம்பு பேசும் பெண்டிரும் திரைப்பட ஆட்டமும் அங்கு உள, வழிபாடு இல்லை. இளமையை வைத்து நகைக்கும்போது கூர்மையாயிருந்த எழுத்து, சமூகத்தை வைத்து நகைக்கும்போது எள்ளலிற் சென்று தங்கிவிடுகிறது.

மொழியைப் பொறுத்தவரையிலும் குறை உண்டு. தமிழ்க் குடும்பம் எனக் காட்டப்படும் வீட்டில், ஓரிரு விளிச்சொற்கள் ஒழியத் தமிழ் கேட்பது அரிது. அமெரிக்காவில் பிறந்த மகள் ஆங்கிலத்தில் மறுமொழி கூறுதல் இயல்பே. தாயும் பாட்டியும் சினத்திலும் துயரிலும் தாய்மொழியை நாடாதிருத்தல் இயல்பன்று. துயரத்தின் உச்சத்தில் ஒருவர் எம்மொழியில் அழுகிறார் என்பதனை அறியாத நாடகம், அவர் அழுகையை முற்றும் அறிந்ததாகாது.

இதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், பொது அழைப்புக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 15,000 பேருள் தெரிவுசெய்யப்பட்டவர். 2001 ஆம் ஆண்டு கனடாவில் மிசிசாகா நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் இலங்கையை விட்டுச் சென்ற தமிழ்ப் பெற்றோரின் மகள். இலங்கைத் தமிழ்ப் பெண் இந்தியத் தமிழ்ப் பெண்ணாக நடித்தல் நடிப்புக் கலைக்கு இயல்பே; அதில் குறைகாண இடமில்லை. ஆனால் வீட்டையும் ஊரையும் உறவையும் ஒருங்கே இழந்து சென்ற குடும்பங்களில் வளர்ந்த சிறுமியரின் நகையும் அழுகையும் இத்துணை விரிந்த அரங்கில் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கின்றன. அந்நடிகையின் வெற்றி அதற்குரிய வாயிலைத் திறந்துவிட்டது எனலாம்.

முதற்பருவத்தின் முடிவு இந்நாடகத்தின் சிகரம். தாயும் மகளும் ஒரே இழவைத் தாங்கி நின்றும் ஒருவரோடொருவர் அதனைப் பேசாதவர்கள். பேசாத துயரம் பூசலாகிறது. அன்றிரவு இறந்தது தாயாக இருந்திருக்கலாகாதா என்று மகள் சொல்லிவிடும் அளவுக்கு அது முற்றுகிறது. பின்னர் தந்தையின் அஸ்தியைக் கடலிற் கரைக்கும் வேளையில் மாலிபுக் கடற்கரையில் இருவரும் கூடுகின்றனர். அங்கு எள்ளலும் இல்லை, பேதைமையும் இல்லை. மண்டபத்துப் பூசையில் காணாத வழிபாடு அக்கடற்கரையில் வாய்த்துவிடுகிறது. பின்வந்த பருவங்களில் தேவி பென்னை விரும்புவாளா பக்ஸ்டனை விரும்புவாளா என்னும் வினா பெரிதாகி, இழவு பின்னொதுங்கியமையால் நாடகத்தின் கனமும் குறைந்தது. எனினும் இறுதிப் பகுதியில் கைம்பெண்ணாகிய பாட்டி நிர்மலா மறுமணம் புரிவதனை எள்ளலின்றி மகிழ்ச்சியோடு காட்டியமை போற்றத்தக்கது.

இந்நாடகம் கலிபோர்னியாவுக்கு உரியதாயினும் அதன் வினா கட்டுகஸ்தோட்டைக்கும் உரியது. மகாவலிப் பாலத்தைக் கடந்து பஸ்வண்டியில் கண்டிப் பாடசாலைகளுக்குச் செல்லும் தமிழ் மாணவியருள், தேவியின் வயதினர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை நெருங்கி நிற்பவர்கள். பரீட்சைக்கு முன் கட்டுக்கலை செல்வ விநாயகர் சந்நிதியில் கைகூப்பும் சிறுமி ஒருத்தி, பெறுபேற்றை வேண்டும் அதே மூச்சில் வேறு எதனை வேண்டுகிறாள் என்பது பிறர் அறியாதது. வகுப்பில் திடீரெனச் சினந்து பேசுபவளும், விடை தெரிந்தும் வாய்திறவாதவளும், நடையிலும் உடையிலும் தடுமாறுபவளும் மற்றவர்க்கு நகைப்பொருளாகின்றனர். ஆசிரியர் ஒருவர் அந்நகையிற் கலந்துகொள்ளுதல் மிக எளிது; ஒரு சொல் போதும். அச்சொல் எள்ளலாயின் அவளுக்கு அது இளிவாகிறது. இளிவு அழுகையின் நிலைக்களன். நகையின் முதற்காரணமும் அழுகையின் முதற்காரணமும் ஒரே செயலின் இருபுறம் என்பது இங்கே தெளிவாகும். ஒருவர் எள்ளுகிறார்; மற்றவர் இளிவரப் பெறுகிறார்.

இளமையைக் கண்டு நகுதல் அன்புடையார்க்கும் இயல்பு. தாய் தன் மகவின் மழலையைக் கேட்டு நகுவதும் அவ்வகையினதே. அந்நகை குழந்தையைத் தாழ்த்துவதில்லை. எள்ளி நகுதலோ தாழ்த்தாது அமையாது. 'நெவர் ஹாவ் ஐ எவர்' வென்ற இடங்களில் எல்லாம் முதல்வகை நகையால் வென்றது; தோற்ற இடங்களில் எல்லாம் இரண்டாம்வகை நகையால் தோற்றது. நாடகத்தைப் பார்த்துச் சிரித்த இளைஞரும், பாராமலே வெறுத்த முதியோரும் இவ்வேறுபாட்டை ஓர்ந்து கொள்வராயின், அது திரைக்கு அப்பால் வகுப்பறையிலும் வீட்டிலும் பயன்படும். நகுமுன் அவள் கால்கள் ஏன் நடவாதுபோயின என்று ஒருகணம் நினைத்துப் பார்ப்பவரே, அவள் எழுந்து நடக்கும்போது அவளோடு சேர்ந்து நகுதற்கு உரியவர்.