கேமராவோடு வந்த உளவாளிகள்

ராஜபாளையத்தைத் தமிழ்த் திரை அரிவாளோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டது. 'மருது' (2016) படத்தில் விஷால் அந்த ஊர் லோடுமேன். கதை நகர நகர மூட்டை மறைந்து வெட்டுக்குத்து மட்டும் மிஞ்சுகிறது. நூற்பாலைகளுக்கோ, பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணிக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளுக்கோ இந்த வகைக் கதையில் வேலையில்லை. மீசையும் வட்டாரப் பேச்சும் இருந்தால் ஊர் வந்துவிட்டதாகக் கணக்கு.

இப்படிப்பட்ட உலகத்துக்குள் வேடமிட்டு நுழைகிறவனின் கதையும் நம்மிடம் நிறைய உண்டு. பெரும்பாலும் அது கைதட்டலுக்கான திருப்பம். 'போக்கிரி'யில் (2007) படம் முழுக்கக் கூலிக்கு ஆள் வெட்டுகிறவன் கடைசியில் காக்கிச் சட்டையில் வந்து நிற்கிறான். அதுவரை விழுந்த பிணங்களுக்கு அந்தச் சட்டையே கணக்குத் தீர்த்துவிடுகிறது. விதிவிலக்கு 'குருதிப்புனல்' (1995). அதில் தீவிரவாதக் கும்பலுக்குள் ஆள் அனுப்பிய அதிகாரியையே கும்பல் தன் உளவாளியாக மாற்றிக்கொள்கிறது. இந்தியிலிருந்து வந்த கதைதான். ஆனால் வேடத்துக்கு விலை உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

அந்த விலையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014). இங்கே உளவாளி போலீஸ் இல்லை, முதல் படத்துக்குக் கதை தேடி மதுரைக்கு வரும் இளம் இயக்குநர். அசால்ட் சேது என்ற ரவுடியை ஒட்டுக்கேட்க அவன் செய்யாத தகிடுதத்தம் இல்லை. கயல் என்ற பெண்ணிடம் காட்டும் காதலும் தகவலுக்குத்தான். அதை அறிந்த கயல் சேதுவையே படத்தின் நாயகனாக நடிக்கத் தூண்டிவிடும்போது, வேட்டைக்காரன் தன் வலையிலேயே மாட்டுகிறான். பிறகு குரு சோமசுந்தரத்தின் நடிப்புப் பயிற்சி வகுப்பு: ஊரே நடுங்கும் ஆட்கள் வரிசையாக நின்று வாத்தியாரிடம் திட்டு வாங்குகிறார்கள். சேது உயிரைக் கொடுத்து நடித்ததை இயக்குநர் காமெடியாக வெட்டி ஒட்டி வெளியிடுகிறான். தியேட்டர் சிரிக்கிறது, சேது உடைகிறான். சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. பத்திரிகையாளரை எரித்துக் கொன்றவனுக்கு நடிப்பே பாவமன்னிப்பாகிவிடுகிறது. செத்தவர் குடும்பம் என்ன ஆனது என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் இறுதியில் ரவுடி கலைஞனாக, கலைஞன் ஆள்பலத்தோடு போய் நடிகரை மிரட்டிக் கால்ஷீட் கேட்கிறான். இந்தக் குசும்பு அந்தக் குறையைப் பாதி ஈடுகட்டுகிறது என்றே சொல்லலாம்.

'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) வேடத்தைத் தலைகீழாக்கியது. ரவுடி சீசரைக் கொல்ல அனுப்பப்படும் எஸ்.ஜே.சூர்யா, சத்யஜித் ராயின் சீடன் என்று சொல்லிக்கொண்டு இயக்குநராக நுழைகிறார். கையில் கேமரா, மனசில் கொலை. முதல் பாதியின் எகத்தாளம் அபாரம். பின்பாதியில் கதை மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போனதும் பிரசங்கம் கூடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளும் தேனிப் பக்கத்து மேகமலையும் 2021இல் ஒரே புலிகள் காப்பகமாயின. அங்கே பளியர்கள் வாழ்கிறார்கள். படத்திலோ காட்டு மக்களில் நிமிஷா சஜயனின் மலையரசி தவிர யாரும் தனித்து மனதில் நிற்பதில்லை. மற்றவர்கள் சீசரின் தியாகத்துக்குக் கூட்டம் சேர்க்கிறார்கள்.

ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர்க்காரரான சமுத்திரக்கனி தேசிய விருது பெற்ற 'விசாரணை'யை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர்க் காவல் நிலையத்தில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'தான் அதன் மூலம். ஒட்டுமீசையோ ரகசியக் கேமராவோ இல்லை. சமுத்திரக்கனியின் இன்ஸ்பெக்டர் முத்துவேல் சீருடையிலேயே இரட்டை வாழ்க்கை வாழ்கிறார். ஆந்திர நீதிமன்றத்தில் தான் மீட்ட அப்பாவிகளையே கொல்லச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. தயங்கும் அவரையும் சக போலீஸாரின் துப்பாக்கி விட்டுவைப்பதில்லை. 'போக்கிரி'யில் எல்லாக் கணக்கையும் தீர்த்துவைத்த அதே காக்கிச் சட்டை, இங்கே அணிந்தவரைக்கூடக் காப்பாற்றவில்லை.