கனவா? கணக்கேடா?

பிள்ளைக்குப் பெயரிட வேண்டுமென்றால் நாளும் கோளும் பார்த்து, முதலெழுத்தைக் கேட்டுச் சோதிடன் வீட்டுத் திண்ணையிலே காத்துக் கிடக்கிற நாடு இது. அறிவியலார் தம் கருவிக்குப் பெயரிடும்போது எதைத் தேடுகிறார்கள்? இரண்டு மென்பொருள்களை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, ‘ஜூப்பிட்டர்’. ஆய்வாளர் தம் கணக்கையும் விளக்கத்தையும் விளைவையும் ஒரே ஏட்டில் பதிந்து, பிறரும் செய்து பார்க்க வழிவிடும் மென்பொருள். 2014ஆம் ஆண்டு இப்பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் எனும் மூன்று நிரல்மொழிகளின் பெயர்களைக் கோத்து, வியாழன் கோளின் ஆங்கிலப் பெயர்போல் ஒலிக்கச் செய்தனர். சின்னத்திலே மேலும் கீழும் இரு செம்மஞ்சள் பிறைகள், அவை கோள். சுற்றிலும் மூன்று வட்டங்கள், அவை நிலவுகள்.

எந்த வியாழன் இது? குருப்பெயர்ச்சி என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் பறிக்கும் வியாழனா? அன்று! இடியேந்திய ரோமானியத் தேவனா? அவனும் அல்லன்! 1610ஆம் ஆண்டு சனவரியில், தொலைநோக்கியின் வழியே கண்டு, இரவுதோறும் நிலவுகளின் இடத்தைக் கலீலியோ குறித்து வைத்த வியாழன்! கண்டேன் என்று சொன்னதோடு நில்லாமல், கண்ட குறிப்புகளையும் அச்சிட்டு உலகின் முன் வைத்தார் அவர். அனைத்தும் பூமியையே சுற்றுகின்றன என்ற பழங்கொள்கை அந்த ஏட்டிலே ஆட்டங்கண்டது. 1633இல் மதமன்றம் அவரை மண்டியிட வைத்தது. நிலவுகளை மண்டியிட வைக்க முடிந்ததா? கலீலியோ கண்டவை நான்கு, சின்னத்திலே மூன்றுதான், அது குறையே. ஆயினும் அது போற்றுவது தேவனை அன்று, ஏட்டை! கருத்திலே குறையில்லை.

இரண்டாவது, ‘இராமானுசன் எந்திரம்’. இசுரேல் நாட்டு டெக்னியான் நிறுவனத்தார் ஆக்கி, 2021இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. ‘பை’ போன்ற மாறிலிகளுக்குப் புதுப்புது வாய்பாடுகளை ஊகித்துத் தருவது. மெய்ப்பிப்பது மனிதர் வேலை. ஈரோட்டிலே பிறந்த தமிழன் பெயர் கடல்கடந்து ஒலிக்கிறது. மகிழ்கிறோம்!

ஆனால், பெயரோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறதே! சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் நாமக்கல். அவ்வூர் நாமகிரித் தாயார் கனவிலே வந்து வாய்பாடு அருளினாள் என்று இராமானுசனே நம்பினார். அருளியது உண்மையானால், அதே கோயில் வாயிலில் நாள்தோறும் நிற்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டல் கணக்கேனும் அருளாதது ஏன்?

எந்திரம் கனவு காண்பதில்லை. எண்ணற்ற தொடர்பின்னங்களைக் கணக்கிடுகிறது, இலக்கம் இலக்கமாக ஒப்பிடுகிறது, பொருந்தாததைத் தள்ளுகிறது. இராமானுசனும் உழைத்துக் கண்டவரே! 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய் எழுத்தர். தாளுக்குக் காசில்லாமல் சிலேட்டிலே எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் ஏற்றினார். வழி அழிந்தது, முடிவு நின்றது. அதனாலே மனித உழைப்பு தெய்வ அருளாகத் தோன்றியது!

எனவே தோழர்களே, நாளை நீங்கள் ஆக்கும் மென்பொருளுக்கு நம் வரலாற்றிலிருந்து தாராளமாகப் பெயர் எடுங்கள். இராமானுசன் பெயரையே சூட்டுங்கள். ஆனால் சின்னம் வரையும்போது கோபுரத்தை வரையாதீர்கள்; அந்தச் சிலேட்டை வரையுங்கள், தேய்ந்த முழங்கையை வரையுங்கள்! கனவை வணங்கியவன் கைகட்டி நிற்பான். கணக்கேட்டைத் திறந்தவன் அடுத்த வரியை எழுதுவான்!