விலைபோன செய்தி

அச்சு நாளேடுகளின் தேய்வுக்குக் கைப்பேசித் திரையையே பலரும் குற்றஞ்சாட்டுகின்றனர். வாசகரின் கண்ணை அது ஈர்த்தது உண்மை. அவருடைய நம்பிக்கையைக் குலைத்ததில் நாளேடுகளுக்கே பெரும் பங்குண்டு.

2009 இல் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அன்றைய முதல்வரைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டி நாளேடுகளில் வெவ்வேறு பெயர்களில் சொல் பிசகாமல் வெளிவந்ததை ‘தி இந்து’வில் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். பணம் தரவில்லை என முதல்வர் மறுத்தார். காசுக்கு வெளியிடப்படும் செய்திகளை ஆராய்ந்த இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் இருவர் குழு, நாளேடுகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கை அளித்தது. கவுன்சிலோ 2010 இல் பெயர்களை நீக்கி, சுருக்கத்தையே வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பின்னரே, 2011 இல், முழு அறிக்கை வெளிச்சம் கண்டது.

விளம்பரம் தன் பெயரோடு வரும்வரை அதில் குற்றமில்லை. செய்தியின் ஆடையை உடுத்தி வரும்போதுதான் அது பொய்ச்சான்றாகிறது.

ஆயினும் இத்தீமையை வெளிக்கொணர்ந்ததும் ஒரு நாளேடே என்பதை மறத்தலாகாது. நாளேட்டின் செலவில் பெரும்பகுதியை விளம்பரதாரர் சுமக்க, நாம் சில ரூபாய்க்கு முழு உண்மையையும் கேட்கிறோம். உண்மைக்குரிய விலையைத் தர வாசகர் முன்வராத இடத்தில், வேறொருவர் அதை விலைபேசவே செய்வார்.