பூநாரைக்குத் திகதி குறிப்பவர்கள்

மார்கழி விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து வான்கள் பளையைக் கடந்து, இயக்கச்சியில் கிழக்கே திரும்பி, கட்டைக்காட்டுப் பக்கம் போகத் தொடங்கிவிடும். சுண்டிக்குளக் களப்பில் பூநாரை பார்ப்பது இப்போது கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடப்படும் பயணம். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாக எழும்புவதை மேலிருந்து எடுத்த ட்ரோன் காணொளிகள்தான் இந்த ஆசையைக் கிளப்பின. அவற்றைக் குறை சொன்னால் ஒரு பதில் வருகிறது: பறந்தால் என்ன, திரும்பி வந்து இறங்கத்தானே போகின்றன, இப்படியாவது வன்னி வெளியுலகுக்குத் தெரியட்டும்.

பின்பாதியை ஒத்துக்கொள்கிறேன். போர்க்காலம் முழுவதும் மூடிக் கிடந்த நிலத்துக்கு ஆட்கள் வருவது நல்லதே. சாப்பாட்டுக் கடைக்கும் வான்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தொலைநோக்கியில் கூழைக்கடாவைக் கண்டு வாய்பிளப்பதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

என் மறுப்பு இந்தப் பயணங்கள் திட்டமிடப்படும் முறை மீதுதான். கலியாணத்துக்கு மண்டபம் எடுப்பதுபோல் முதலில் திகதியைக் குறிக்கிறார்கள். சனிக்கிழமை காலை பூநாரை, மதியம் நண்டுக் கறி, மாலை பருத்தித்துறை. இந்த அட்டவணையில் களப்புக்கு இடமே இல்லை.

களப்பின் அட்டவணையை எழுதுவது மழை. கனகராயன் ஆறு, நெத்தலியாறு, பிரமந்தனாறு, தேராவில் ஆறு எல்லாம் தெற்கிலிருந்து வந்து சுண்டிக்குளத்தில் விழுகின்றன. வடகீழ்ப் பருவமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் அந்த வெள்ளம் கனகராயன் ஆற்று வழியே இங்கேதான் வரும். பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடித்து, சிற்றுயிர்களைத் தின்னும் பறவை. நீர் ஆழமாக நின்றால் அதற்கு அங்கே வேலை இல்லை. வெள்ளம் வடிந்து, உவர்ப்பு ஏறி, சேற்றுத்திட்டுகள் தெரியத் தொடங்கும் தை, மாசியில்தான் அது கூட்டமாக நிற்க வாய்ப்பு அதிகம். அதுவும் வாய்ப்புத்தான், வாக்குறுதி அல்ல. தெற்கே புந்தலவில் லுணுகம்வெஹர நீர்ப்பாசனத் திட்டத்தின் நன்னீர் களப்புகளில் கலந்து உவர்ப்புக் குறைந்ததும், பெயர்பெற்ற பூநாரைக் கூட்டங்கள் அங்கிருந்து விலகிப்போயின. பறவை நீரைத்தான் பார்க்கும், நாட்காட்டியைப் பார்க்காது.

ஆனால் காசு வாங்கியாயிற்று, திகதியும் குறித்தாயிற்று. பிறகு என்ன நடக்கும்? பறவை தூரத்தில் நின்றால் வான் வீதியை விட்டிறங்கிக் காய்ந்த களப்புத் தரையில் ஓடும். அசையாமல் மேய்ந்தால் யாரோ கைதட்டுவார், ஹோர்ன் அடிப்பார், ட்ரோனைத் தாழ விடுவார். பறவை எழும்பினால்தானே படம்! சாரதியைப் பழித்துப் பயனில்லை. காட்சி கிடைத்தால்தான் அவருக்குக் கைக்காசு கிடைக்கும் என்ற ஏற்பாடே அவரைத் துரத்தச் சொல்கிறது.

'திரும்பி இறங்கும்' என்பவர்கள் அந்தச் சேற்றில் பூநாரையோடு வேறு யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. வளைமூக்கு உள்ளான் அறுபது கிராம் அளவே எடையுள்ள சின்னப் பறவை. சைபீரியாவின் வட துருவக் கரையில் முட்டையிடுவது. பங்குனி, சித்திரையில் புறப்படுமுன் அது இங்கே தின்று கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். வழிச்செலவுக்கு அதனிடம் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை அதைக் கிளப்பும்போதும் மேயும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் எரிகிறது. ஒரு வான் வந்துபோனால் பொறுத்துக்கொள்ளும். விடியலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்? அழகு என்று நாம் பகிரும் அந்தக் காணொளி, பசியோடு விரட்டப்படும் கூட்டத்தின் பதிவு. இதைக் காட்டுயிர் ரசனை என்று அழைக்க என்னால் முடியாது.

1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் 19,565 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக உயர்ந்த இடம் சுண்டிக்குளம். அவ்வளவு பரப்புக்கும் காவல் போட எந்தத் திணைக்களத்தாலும் முடியாது. ஆகவே கட்டுப்பாடு பயணத்தைத் திட்டமிடும் மேசையிலேயே தொடங்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சேர்ச்சில் என்ற சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லை, வெளியூரிலிருந்து வீதியும் இல்லை. ரயிலில் அல்லது விமானத்தில்தான் போகலாம். கடல் உறைவதற்காகத் துருவக்கரடிகள் கரையில் காத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அங்கே கூட்டம். அங்கே போகிறவர்களும் நெடுநாள் முன்பே பதிவு செய்கிறார்கள். அதிலும் வியாபாரம் உண்டு. ஆனால் கரடிகளிடம் போகும் பெருவண்டிகளுக்கு அனுமதி அளந்தே கொடுக்கப்படுகிறது. பழைய இராணுவத் தடங்களை விட்டு அவை விலகக்கூடாது. கரடி வராவிட்டால் வண்டி காத்திருக்கும். இத்தனைக்கும் அந்த ஊர் நம் ஊரைவிட எவ்வளவோ எட்டாத இடம்.

இங்கே செய்யக் கூடியவை கடினமானவை அல்ல. இரணைமடு வான் பாய்கிறதா, களப்பில் தண்ணீர் எவ்வளவு என்று கட்டைக்காட்டு மீனவர் ஒருவரிடம் கேட்டபின் நாளை முடிவு செய்யலாம். ஒரு காலைக்குப் பதில் மூன்று நாட்களைத் திறந்து வைக்கலாம். விளம்பரத்திலிருந்து பறக்கும் பூநாரையை எடுத்துவிடலாம். சாரதிக்கும் வழிகாட்டிக்கும் பேசிய கூலியை, கைக்காசு உட்பட, வான் ஏறுமுன்னே கொடுத்துவிட வேண்டும். அன்று ஒரு பறவைகூடக் கண்ணில் படாவிட்டாலும் அந்தக் காசு அவர்களுடையது.