எக்செல் பாடிய மோகனம்

சிரிக்காதீர்கள், நேற்று ராத்திரி என் எக்செல் மோகனம் பாடியது! ஜிஎஸ்டியும் வட்டியும் கூட்டிக் கூட்டி நம் உயிரை வாங்குகிற அதே எக்செல்தான்.

எக்செல்லில் மேக்ரோ எழுதுகிறவர்களுக்கெல்லாம், அதற்கான மொழியான விபிஏ-யின் 'பீப்' தெரியும். ஒரே சத்தம், அதுவும் விண்டோஸ் பார்த்துக் கொடுக்கிற சத்தம். ஆனால் விண்டோஸின் கெர்னல்32-க்குள் அதே பெயரில் இன்னொரு பீப் ஒளிந்திருக்கிறதே, அது வேறு ஜாதி! எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிசெகண்ட் என்று இரண்டே எண்கள் கொடுத்தால் போதும். 37-லிருந்து 32,767 ஹெர்ட்ஸ் வரை வாங்கிக்கொள்ளும். மாட்யூலின் உச்சியில் ஒரு டிக்ளேர் வரி; 64 பிட் ஆபீஸ் என்றால் அதில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லும் வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

இப்போது மனசுக்குள் ஒரு ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏ1-லிருந்து கீழே வரிசையாக 240, 270, 300, 360, 400, 480. ஸ, ரி, க, ப, த, மேல் ஸ! ஒன்றுகூடப் புள்ளி வைத்த எண் இல்லை, கவனித்தீர்களா? பக்கத்து பி செல்களில் ஒவ்வொன்றுக்கும் 400 மில்லிசெகண்ட், கடைசி ஸட்ஜத்துக்கு மட்டும் தாராளமாக 1,200. ஒரு சின்ன 'ஃபார்' லூப், அதற்குள் பீப். எஃப்8-ஐத் தட்டுகிறேன், மஞ்சள் கோடு ஒரு வரி இறங்குகிறது, இன்னொரு தட்டு, ஸ வருகிறது, ஐயோ வந்தேவிட்டது, மறுபடி தட்டத் தட்ட ரி, க என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது, பொறுமை போய் எஃப்5-ஐ அழுத்தினால் மிச்சம் மொத்தமும் கடகடவென்று மேலே போய் ஸட்ஜத்தில் நிற்கிறது, நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டுகிறேன், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்ற நினைப்பே இல்லை, உடனே 480-லிருந்து 240 வரை தலைகீழாகப் போட்டு அவரோகணமும் கேட்டாக வேண்டும் என்று கை பரபரக்கிறது!

கமகம் கிடையாது, பாடி முடிக்கும்வரை ஷீட்டைத் தொட முடியாது. போகட்டும், கச்சேரி நடக்கும்போது கணக்கு எதற்கு?

டேட்டா மாறும்போது விண்டோஸின் 'டடா' சத்தத்தை ஒலிக்க வைக்கலாம், 'அப்ளிகேஷன்.ஸ்பீச்.ஸ்பீக்' என்றெழுதி செல்லில் உள்ளதை வாசிக்கவும் வைக்கலாம். அதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஆறு எண்களைப் போட்டுப் பாருங்கள். சேமிக்கும்போது மட்டும் எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமியுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸில் மேக்ரோ தங்காது.