தீயின் கையில் தூரிகையைக் கொடுங்கள்!

ஓவியம் என்ற பெயரில் இத்தனை குதூகலம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. மண், நீர், காற்று, தீ என்று ஆளுக்கொரு பலகை. வண்ணம், தாள், துணி, மண், கரி, பசை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் செய்யும் மிக்ஸ்டு மீடியா வேலை. இதில் என்னைக் கிறங்கடித்தது ஒன்றே ஒன்றுதான்: பூதத்தை நாம் வரையத் தேவையில்லை. அதையே வரையவிட்டு வேடிக்கை பார்க்கலாம்!

நமக்குப் பூதங்கள் ஐந்தாயிற்றே என்பீர்கள். வாஸ்தவம்தான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஞானி எம்பெடோகிளீஸ் நான்கோடு நிறுத்திக்கொண்டார்; ஐரோப்பிய ஓவியர்களும் அந்த நான்கையே பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியரான ஆர்ச்சிம்போல்டோ 1566-இல் மீனும் நண்டும் ஆமையுமாக அடுக்கி, ‘நீர்’ என்று ஒரு மனித முகத்தையே தீட்டிவிட்டார். நானும் நான்கோடு நின்றேன். ஆகாயத்தை எந்தப் பசை போட்டு ஒட்டுவது?

முதலில் மண். செம்மண்ணைச் சல்லடையில் சலித்து, பிறகு துணியிலும் சலித்து, பெவிகாலும் தண்ணீரும் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் குழைக்க வேண்டும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிக் காய்ந்த பலகையில் இதைக் கனமாக அப்பிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். ஈரம் போகப் போக மண் சுருங்கும். சுருங்கச் சுருங்க வெடிக்கும். அந்த வெடிப்புதான் ஓவியம்! கோடையில் வறண்ட ஏரியை எதிரே உட்கார்ந்து வரைந்தாலும் இந்த நேர்த்தி வராது. பசை கூடினால் வெடிப்பு விழாது, குறைந்தால் மண் உதிரும். அந்த அளவு கைக்குப் பிடிபட்டதும் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அடடா! வெடிப்புகளுக்குள் சாக்கு நூலைச் செருகி, மேலே காவிக்கல் தூளை விரலால் தேய்த்தேன். இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பு அது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறைகளில் ஆதி மனிதர்கள் தீட்டியதும் இதே செங்காவியால்தான். அதை நினைத்துக்கொண்டு தேய்த்தால் புல்லரிக்கிறது.

நீருக்கு வேண்டியது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கல்லுப்பு. கெட்டியான வாட்டர்கலர் தாளில் நீலத்தைத் தாராளமாக ஓடவிடுங்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஈரத்தின் பளபளப்பு தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து உப்பைத் தூவ வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்ச, நீலம் மெல்ல நகர்ந்து, வெளிறிய நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மலரும். கண் சிமிட்டத் தோன்றாது! முழுக்கக் காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டு, தாளை நீளநீளமாகக் கையால் கிழித்தேன். கிழிந்த விளிம்பின் வெள்ளைதான் நுரை. அடுக்கடுக்காக ஒட்டியதும் பலகையில் அலை எழும்பிவிட்டது.

கண்ணுக்கே தெரியாத காற்றை என்ன செய்வது? அது அசைப்பதைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும். டிம் நோல்ஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் மரக்கிளைகளின் நுனியில் பேனாக்களைக் கட்டி மரத்தையே வரைய வைத்தவர். நான் வேப்பங்கொம்பில் ஸ்கெட்ச் பேனாக்களைத் தொங்கவிட்டு, நுனி உரசும் உயரத்தில் பலகையை வைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், ஸ்கெட்ச் பேனா எம்மாத்திரம்! மெல்லிய வீச்சுக்குப் பூனைமுடிக் கோடுகள், திடீர்ச் சூறைக்கு நீண்ட கீறல்கள், காற்று நின்ற இடத்தில் ஒரு கொழுத்த புள்ளி. மேலே பட்டம் செய்யும் தாளின் கிழிசல்களை ஒரு ஓரம் மட்டும் ஒட்டினேன். மின்விசிறியைப் போட்டால் படபடக்கின்றன!

கடைசியில் தீ. மெழுகுவத்திச் சுடருக்கு மேலே கெட்டி அட்டையைப் பிடித்து நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் கரி புகைப்புகையாகப் படியும். ஓவியர் வொல்ஃப்காங் பாலன் 1930-களில் கையாண்ட உத்தி இது. படிந்த கரியில் கோழி இறகால் ஒரு கீற்று இழுத்தால் போதும், இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் எட்டிப் பார்க்கும். கரியைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் தெளிக்காமல் தொட்டால் மட்டும் கரி கையோடு வந்துவிடும். ஓரங்களில் கருகிய தாள்களும் செப்புத் தகட்டுத் துணுக்குகளும் ஒட்டினேன்; பலகை தகதகக்கிறது.

இந்தக் கிறுக்கில் எனக்கு ஆதர்சம் பிரெஞ்சுக்காரர் ஈவ் க்ளைன். 1960-இல் ஈரம் காயாத ஓவியத்தைக் கார்க் கூரையில் கட்டிப் பாரிசிலிருந்து நீசுக்கு ஓட்டிப் போய், வழியில் பட்ட காற்றையும் தூசியையும் வரையவிட்டார். மறு வருடம் எரிவாயுச் சோதனை நிலையத்தில் ராட்சதச் சுடரால் தீ ஓவியங்கள் செய்தார். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயோடு ஒரு தீயணைப்பு வீரர். நமக்கு ஒரு வாளித் தண்ணீரும் காற்றாடும் மொட்டை மாடியும் போதும்.

வரையத் தெரியாதே என்கிறவர்களுக்குத்தான் இதை முதலில் சிபாரிசு செய்வேன். நேர்கோடு போட வராத கையாலும் உப்புத் தூவ முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தாளும், நீல வண்ணமும், ஒரு பிடி கல்லுப்பும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மீதி மூன்று பலகைகளை நீங்களே தேடிப் போவீர்கள், நான் கேரண்டி!