பெயர்ப்பட்டியலும் பார்வையாளரும்

படம் முடிந்துவிட்டது. திரை கறுத்து, அதன் அடியிலிருந்து வெள்ளெழுத்தில் பெயர்கள் மேலேறத் தொடங்குகின்றன. அக்கணமே அரங்கெங்கும் இருக்கைகள் மடங்கும் ஓசை எழுகின்றது. பணியாளர் கதவைத் திறந்து விளக்கையும் போட்டுவிடுகின்றார். பெயர்கள் வெளிச்சத்தில் வெளிறி, காண்பார் இன்றி ஓடி மறைகின்றன. இவை முடியும்வரை அமர்ந்திருப்பது முறையா, அன்றி வேண்டாத வேலையா? அற்ப வினாவாகத் தோன்றலாம். அற்பமன்று என்பது நம் துணிபு.

திரைப்படம் பார்க்கலாமா, கூடாதா என்னும் விவாதத்தை ஈண்டு நாம் தொடவில்லை. அதனை உலமாப் பெருமக்களிடமே விட்டுவிடுவோம். பார்ப்பதென்று முடிவு செய்து குடும்பத்தோடு சென்றவர்கள் எதுவரை பார்க்கின்றார்கள் என்பதே நம் கேள்வி. மதியக் காட்சி முடிந்து தொழுகைக்கு விரைபவரை யாரும் தடுக்கமாட்டார். உறங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் தாயையும் நாம் குறை கூறோம். வாகனத்தை முதல் ஆளாக வெளியே எடுக்கவேண்டும் என்பதற்காகப் பத்துப் பேரின் கால்களை மிதித்துச் செல்கின்றாரே, அவரைப் பற்றியே பேசுகின்றோம்.

பழைய தமிழ்ப் படங்களில் இந்தச் சிக்கல் எழவில்லை. பெயர்கள் முன்னே வந்தன. பாடலாசிரியர், பின்னணி பாடியவர், ஒலிப்பதிவு, ஒப்பனை, உடை, படத்தொகுப்பு என ஒவ்வொரு பெயரையும் கடந்துதான் கதைக்குள் நுழைய இயலும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கண்ணில் பட்டே தீரும். முடிவில் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ ஒரே சொல், எழுந்து போகலாம். அரங்க வாயிலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகமும் அப்பெயர்களுள் சிலவற்றை வீட்டுக்கே கொண்டுசென்றது. பெயர்களை நாம் தேடிப் போகவில்லை. அவை நம்மைத் தேடி வந்தன.

அந்த ஒழுங்கு பையப்பைய மாறியது. 1941-இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தில் ஆர்சன் வெல்ஸ் பெயர்களை இறுதியில் வைத்தார். ஆயினும் இயக்குநர் என்று தம் பெயரை இட்ட அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் சேர்த்தே இட்டார். பின்னே வைத்தாலும் பெருமை குன்றாமல் வைக்கலாம் என்பதற்கு அஃதொரு சான்று. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர், நடிகர் பெயர்கள் எவையும் இன்றித் தொடங்கியது. 1980-இல் வந்த அடுத்த படத்திலும் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னரின் பெயர் இறுதிக்கே போயிற்று. அமெரிக்க இயக்குநர் சங்கம் அபராதம் விதித்தது. தயாரித்த ஜார்ஜ் லூகாஸ் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகினார். இந்தப் பிணக்கு நமக்கு ஒன்றைக் காட்டுகின்றது. இறுதியில் வரும் பெயரை எவரும் பார்க்கமாட்டார் என்பதைத் தொழிலில் உள்ளவர்களே நன்கறிந்திருந்தனர். இன்றோ நம் நாட்டுப் படங்களிலும் முன்னணிப் பெயர்கள் சில தவிர, உழைத்தோர் பெயர்களிற் பெரும்பகுதி கடைசியில்தான் வருகின்றது.

நிற்க. பெயர்களின் தொடரை எவ்வாறு மதிப்பது என்பது நம் சமுதாயத்துக்குப் புதிய பாடமன்று. ஹதீஸ் என்பது இரு பகுதிகள் கொண்டது: ஒன்று, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சொல்லையோ செயலையோ தாங்கிய மத்னு, மற்றொன்று, அச்செய்தி யார் யார் வாயிலாக நம்மிடம் வந்தது என்று காட்டும் இஸ்னாது. இரண்டாவதைத் தள்ளிவிட்டு முதலாவதை மட்டும் நம் இமாம்கள் ஏற்றுக்கொண்டதில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹதீஸ்களைத் தொகுத்ததோடு நில்லாமல், அறிவிப்பாளர்களைப் பற்றியே 'அத்தாரீகுல் கபீர்' என்னும் பெருநூலையும் இயற்றினார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் ஸஹீஹ் நூலுக்கு முன்னுரையாய் அமைந்த பகுதி பெரிதும் அறிவிப்பாளர்களின் நம்பகம் பற்றியதே. நாம் ஒப்பிடுவது பழக்கத்தை, புனிதத்தை அன்று. ஒரு பொருள் நம் கைக்கு வரும்போது அது யார் கைகளைக் கடந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் நம் மரபில் ஊறியது என்பதே நாம் சொல்ல வருவது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பில் ஹதீஸ் படிக்கும்போதும் நம்மில் பலர் அறிவிப்பாளர் வரிசையைக் கண்ணால் தாண்டிச் செல்கின்றோம். அரங்கில் எழுந்து ஓடும் கால்களுக்கும் அந்தக் கண்களுக்கும் உறவு உண்டு.

கையெழுத்துப் பிரதிகளையும் எண்ணிப் பாருங்கள். அரபியிலோ அரபுத்தமிழிலோ ஒரு நூலைப் படியெடுத்தவர், கடைசி ஏட்டில் தம் பெயரையும் முடித்த நாளையும் குறித்து, படிப்பவர் தமக்காக துஆச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். பெயர் கடைசியில்தான் வருகின்றது. நூல் முடிந்தது என்று அதற்கு முன்பே மூடிவைப்பவர், அந்த எளிய எழுத்தர் கேட்ட ஒரே கூலியை மறுத்தவராகின்றார். உமறுப்புலவர் வேறு வழி கண்டார். தம்மை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரின் பெயரைச் சீறாப்புராணத்தின் பாடல்களுக்குள்ளேயே வைத்துவிட்டார். காப்பியத்தை விட்டு எழாமல் வள்ளலின் பெயரை விட்டு எழ முடியாது.

இவ்வளவு கூறியதால், திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல் முழுதும் மெய் என்று நாம் நம்புவதாக எவரும் கொள்ளவேண்டாம். பட்டியல்கள் பொய் சொல்லும். அமர்ந்து படிக்கவேண்டியதற்கு அதுவே பெருங்காரணம்.

1957-இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பெற்றது. திரைக்கதை ஆசிரியர் என்று மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூலின் பெயரைக் காட்டியது. ஆஸ்கர் பரிசும் அவருக்கே போயிற்று. உண்மையில் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் மறைக்கப்பட்டனர். இருவரும் மறைந்த பின்னரே பரிசு அவர்கள் பெயருக்கு மாறியது. இந்தப் படத்தில் இன்னொரு மறைப்பும் உண்டு. அந்தச் சயாம் இரயில் பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். மாண்டோரும் மிகப் பலர். பட்டியலிலும் இல்லை, கதையிலும் அவர்களுக்கு இடமில்லை.

நம் வீட்டு வழக்கு ஒன்றும் உண்டு. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், ஹேமநாத பாகவதரின் செருக்கை அடக்க இறைவனே பாடுவதாக டி.எம். சௌந்தரராஜன் குரலில் ஒலிக்கும் பாட்டு, கண்ணதாசன் பெயரிலேயே வழங்கி வருகின்றது. அதை எழுதியவர் கவி கா.மு. ஷெரீப் என்னும் பேச்சும் நெடுங்காலமாக உண்டு. நம் சமுதாய மேடைகளில் இதனைப் பெருமையோடு சொல்வோர் பலர். நம்மவர் என்பதற்காக மட்டும் அதனை மெய்யென்று முழங்குவது அறிவிப்பாளரை ஆராயும் மரபில் வந்தவர்க்கு அழகன்று. திரையில் எழுதியிருக்கின்றது என்பதற்காக மட்டும் வாய் மூடுவதும் அழகன்று. கையெழுத்துப் படி, ஊதியச் சீட்டு, உடனிருந்தோர் எழுதிவைத்த குறிப்பு ஆகியவற்றைத் தேடுவோர் முன்வரவேண்டும். 1994-இல் மறைந்த அக்கவிஞருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.

அண்மைக் காலத்து உதாரணத்துக்கு வருவோம். 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் இறுதியில் எவரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை. காரணம், பம்பாய் இரயில் நிலைய மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் இசைக்குக் கூட்டம் ஆடுகின்ற நடனம். அதனூடே பெயர்கள் வருகின்றன. பெயர்களைப் பார்க்கவைக்க இதனினும் இனிய உத்தி இல்லை எனலாம். 2009 பிப்ரவரி 22 அன்று அப்படத்துக்கு 8 ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. இசைக்கு ஒன்று, குல்சாரோடு பகிர்ந்த பாட்டுக்கு ஒன்று என ரஹ்மானுக்கு இரண்டு. ஒலிக்கலவைக்குரிய விருதை ரசூல் பூக்குட்டி இருவரோடு பகிர்ந்துகொண்டார். நம் வீடுகளில் அன்று இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. அதே மேடையில் இயக்குநர் டேனி பாயில் ஒரு பெயரைச் சொன்னார்: லாஞ்சினஸ் பெர்னாண்டஸ். அந்த நடனத்தை அமைத்தவர். அவர் பெயர் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று, பிழை தம்முடையதே என்று உலகறிய ஒப்புக்கொண்டார்.

இதனை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பெயர்கள் ஓடுவதற்காகவே அமைந்த நடனம். ஓடிய பெயர்களில் அதனை அமைத்தவர் இல்லை! கண் முன்னே ஆட்டம் நடக்கின்றது. ஆட்டுவித்தவர் யார் என்று தேடினால் விடை இல்லை. நடனத்தை வியந்து அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அப்பெயரைத் தேடினார்கள்? உடல் அமர்ந்திருப்பது வேறு, படிப்பது வேறு. அறிவிப்பாளர் வரிசையில் ஓர் இணைப்பு அறுந்தால் 'முன்கத்திஃ' என்று உடனே அடையாளம் காணும் கண்ணை நம் முன்னோர் வளர்த்திருந்தனர். அந்தக் கண் திரையரங்கிலும் வேண்டும்.

விடுபடுதல் எல்லாம் குற்றம் என்பதற்கில்லை. முஸ்தபா அக்காத் 1976-இல் எடுத்த 'தி மெசேஜ்' படத்தை நம் குடும்பங்கள் பல ஒளிநாடாவிலும் குறுவட்டிலும் கண்டிருக்கின்றன. அது அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எடுக்கப்பட்டது. ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலத்தில் ஆன்டனி குவின். அரபியில் அப்துல்லாஹ் கைஸ். இவ்விரண்டும் இரு வேறு நடிகர் கூட்டம் என்பதைத் தெளிவாகச் சொல்வது பெயர்ப்பட்டியலே. அப்பட்டியலில், கதையின் உயிராய் விளங்கும் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு நேராக எந்த நடிகரின் பெயரும் இல்லை. உருவும் இல்லை, குரலும் இல்லை. அந்த வெற்றிடம் அதபு. நடன அமைப்பாளரின் வெற்றிடம் கவனக்குறைவு. இரண்டையும் பிரித்தறியப் பட்டியலைப் படித்தாக வேண்டும். 2005-இல் அம்மான் நகரக் குண்டுவெடிப்பில் உயிரிழந்த அக்காத்தின் பெயரையேனும் அப்படத்தைக் கண்ட நம் பிள்ளைகள் அறிவார்களா?

இக்காலத்தில் அரங்கில் அமரவைக்க வேறொரு தந்திரம் கையாளப்படுகின்றது. பெயர்கள் முடிந்தபின் ஒரு சிறு காட்சியை ஒளித்துவைக்கின்றார்கள். முன்பே சிலர் செய்ததுதான் எனினும் 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' அதனைப் பெருவழக்காக்கியது. இளைஞர்கள் இப்போது இறுதிவரை அசையாமல் இருக்கின்றார்கள், கண்ணெல்லாம் கைப்பேசியில். மவ்லிது மஜ்லிஸில் துஆ முடியும்வரை தலைகுனிந்து அமர்ந்திருப்போர் அனைவரும் துஆவுக்காகவா இருக்கின்றார்கள்? நார்சா வரும் திசையைக் கடைக்கண்ணால் பார்த்திருப்போரும் உண்டு. அவர்களை மஜ்லிஸிலிருந்து விரட்டவேண்டியதில்லை. இருந்தாலும் அமர்ந்த காரணம் அமர்ந்த காரணம்தான்.

பழியைப் பார்வையாளர் தலையிலேயே சுமத்துவதும் நீதியன்று. பெரும் படங்களில் ஆயிரம் பெயர்களுக்கு மேல் வருகின்றன. எறும்பு வரிசை போன்ற எழுத்து. படிக்கும் முன்பே பறந்துவிடும் வேகம். சங்க ஒப்பந்தத்துக்காகவும் நிறுவனக் கணக்குக்காகவும் இட்டவை போன்று அவை ஓடுகின்றன. தமிழ்ப் படமாயினும் விளக்குப் பிடித்தவர், தச்சர், சமையற்காரர் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஓடவிடுகின்றார்கள். அவர்தம் தாயாரே அரங்கில் அமர்ந்திருந்தாலும் மகன் பெயரைப் படிக்க இயலாது. படிக்க முடியாத பெயரை யாருக்காக இடுகின்றார்கள்? தமிழெழுத்தில், நின்று நிதானமாக, தொழில் வாரியாக இட்டால் இன்னும் பலர் அமர்வர். பெயர்கள் முடியுமுன் விளக்கைப் போடும் அரங்கத்தாரும் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். துடைப்பத்தோடு வாயிலில் காத்து நிற்கும் தொழிலாளிக்கும் அச்சிறு ஓய்வு தீங்கு செய்யாது.

அரங்குக்கே போகாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வீட்டுத் திரையில் படம் முடியுமுன்னரே பெயர்கள் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படத்துக்கான அழைப்பு வந்து நிற்கின்றது; எண்ணிச் சில நொடிகளில் அது தானே தொடங்கியும் விடும். பெயர்களைத் திரும்பப் பெரிதாக்க ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். கடைசிப் பாட்டை எழுதியது யார் என்று பிள்ளை கேட்குமானால், வாப்பா கைப்பேசியில் தேடவேண்டியதில்லை. அந்த மூலையில் விடை ஓடிக்கொண்டிருக்கின்றது.